சிறிய பைக்குக்கு மாற்று டயர்: முன்சக்கரத்திலிருந்து தொடங்குவோம்

100, 110, 125 சி.சி. பைக் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றப் போவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான்: பின்டயர் மொட்டையாகிவிட்டது. கடையில் போய் நின்று, எந்த நிறுவனம் நல்லது, எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று இரண்டு கேள்வி கேட்பார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். முன்டயரை யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. அதில்தான் இன்னும் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், இருக்கிறதே!

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். இரண்டு பின்டயர்களை மாற்றிய பிறகும், முன்னால் வண்டியோடு வந்த டயரே ஓடிக்கொண்டிருந்தது. அதில் பள்ளங்கள் நன்றாகவே தெரிந்தன. ஒரு மாலை, தூறல் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, முன்னால் போன வண்டி திடீரென்று நின்றது. முன் பிரேக்கை எப்போதும் பிடிக்கும் அளவில்தான் பிடித்தேன். சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டு அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று. ஹேண்டில் ஒரு பக்கமாக மடங்கியது. அடுத்த நொடி நான் சாலையில் கிடந்தேன். வேகம் முப்பதைத் தாண்டியிருக்காது என்பதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

வீட்டுக்கு வந்து விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 1814. அதாவது 2014ஆம் ஆண்டின் 18ஆம் வாரத்தில் செய்த டயர். அன்றைக்கு அதற்கு எட்டு வயது. பள்ளத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன், பதியவே இல்லை. பிளாஸ்டிக் வாளியின் விளிம்பைத் தொடுவது போல இருந்தது. பின்டயரில் அதே நகம் பதிந்து, தடம் மெல்ல மறைந்தது. இரண்டும் ஒரே பைக்கில், ஒரே சாலையில் ஓடியவை.

அன்றிலிருந்து டயர் தேர்வில் எந்த யோசனை வந்தாலும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: ஈரச் சாலையில் முன் பிரேக் பிடிக்கும்போது என்ன ஆகும்? பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்னோக்கிச் சாய்கின்றன. பின்சக்கரம் லேசாகிறது, முன்சக்கரம் அழுந்துகிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்டயருடையது. பின்சக்கரம் வழுக்கினால் பல சமயம் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது. ஆனால் தேய்வதோ பின்டயர்தான், ஏனென்றால் இழுவையும் பாரத்தின் பெரும்பங்கும் அதன்மேல். தேய்மானம் ஒரு சக்கரத்தைக் காட்டுகிறது, ஆபத்து இன்னொன்றில் இருக்கிறது. தேர்வு தவறிப்போவதற்கு முதல் காரணம் இதுவே.

தேய்மானமா, வயதா

டயரின் பள்ளங்களுக்கு அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். பக்கவாட்டில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் பெரிய பைக்குகளுக்கு 1.6 மில்லிமீட்டர், 125 சி.சி. வரையுள்ள சிறிய பைக்குகளுக்கு 1 மில்லிமீட்டர்; பிரிட்டனில் 50 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 1 மில்லிமீட்டர். மழையில் ஓட்டுபவர் அந்த எல்லை வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. தண்ணீரை வெளியேற்றும் வேலையைப் பள்ளத்தின் ஆழம்தான் செய்கிறது. 2 மில்லிமீட்டருக்கு வந்ததும் அடுத்த டயரைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது நல்லது.

வயதைப் பற்றிச் சட்டம் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றித்தான் டயர் ஆக்குகிறார்கள். ரப்பரின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் அந்த வேலை தொழிற்சாலையோடு முழுதாக முடிந்துவிடுவதில்லை. வெயிலிலும் ஓட்டத்தின் சூட்டிலும் ஆண்டுக்கணக்கில் மெதுவாகத் தொடர்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் தன் பங்குக்கு ரப்பரை இறுக்குகிறது. ஓசோன் பக்கவாட்டில் மயிரிழை போன்ற விரிசல்களை உண்டாக்குகிறது. இதைத் தடுக்க மெழுகும் சில பாதுகாப்பு வேதிப்பொருள்களும் ரப்பரில் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து காவல் காக்கும். அதனால்தான் மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்த பைக்கின் டயர், தினமும் ஓடிய டயரைவிட முன்னதாக வெடிப்பு விடுகிறது. "அதிகம் ஓட்டவே இல்லை, டயர் புதிதாகவே இருக்கிறது" என்று சொல்லி விற்கப்படும் பழைய பைக்கை வாங்குகிறவர்கள் முதலில் அந்த நான்கு இலக்கத்தைத் தேடிப் படிக்க வேண்டும். மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முன் செய்த டயர். வேறு எதையும் பார்க்கவே வேண்டாம்.

ஐந்து ஆண்டு தாண்டியதும் ஆண்டுக்கொரு முறை நன்றாகச் சோதியுங்கள், பத்து ஆண்டு ஆனதும் எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்பது பெரிய டயர் நிறுவனங்கள் சில சொல்லும் பொது விதி. பத்து என்பது மேல் எல்லை. சிறிய பைக்கின் முன்டயரை ஆறாவது ஆண்டில் மாற்றிவிடுவதே என் வழக்கம், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும். புதிய டயர் வாங்கும்போதும் இதே இலக்கத்தைப் பார்க்கலாம். கிடங்கில் சில மாதங்கள் இருந்திருந்தால் குற்றமில்லை. இரண்டு, மூன்று ஆண்டு கிடந்த டயரை நீட்டினால் வேறு கேளுங்கள்.

வந்த அளவா, ஒரு படி அகலமா

டயர் மாற்றுவோர் மனத்தில் அதிகம் ஊசலாடுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். பின்டயர் கொஞ்சம் அகலமாக இருந்தால் வண்டி கம்பீரமாகத் தெரியும், பிடிப்பும் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாம் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் அளவை எப்படிப் படிப்பது என்று பார்த்துவிடுவோம். 2.75-18 என்றால் டயரின் அகலம் சுமார் 2.75 அங்குலம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். 80/100-18 என்றால் அகலம் 80 மில்லிமீட்டர், டயரின் உயரம் அந்த அகலத்தில் 100 விழுக்காடு, ரிம் 18 அங்குலம். 100/90-18 என்றால் அகலம் 100, உயரம் அதில் 90 விழுக்காடு, அதாவது 90 மில்லிமீட்டர்.

80/100-18 டயர் போட்ட சக்கரத்தின் மொத்த விட்டம் என்ன? 18 அங்குலம் என்பது 457.2 மில்லிமீட்டர். மேலும் கீழும் 80 வீதம் சேர்த்தால் 617.2. அதே ரிம்மில் 100/90-18 போட்டால் 637.2. வித்தியாசம் 20 மில்லிமீட்டர், ஏறக்குறைய 3.2 விழுக்காடு. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் பின்சக்கரம் 3 விழுக்காடு பெரிதானால் கியர் விகிதமும் அந்த அளவுக்கு நீண்டு, இழுவை குறையும். பெரிய எஞ்சினுக்கு அது தெரியாது. எட்டு, ஒன்பது குதிரைத்திறன் உள்ள எஞ்சின், இருவரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது நன்றாகவே தெரியும். பின்பக்கம் 10 மில்லிமீட்டர் உயர்வதால் சைடு ஸ்டாண்டில் வண்டி இன்னும் கொஞ்சம் சாயும். இதே மாற்றத்தை முன்சக்கரத்தில் செய்தால், வேகம் முன்சக்கரத்திலிருந்து எடுக்கப்படும் வண்டியில் ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டர் கணக்கும் குறைத்துக் காட்டும்.

அடுத்தது ரிம். 100/90-18 டயருக்கு 2.15 முதல் 2.75 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் வேண்டும். சிறிய பைக்குகளில் பலவற்றின் ரிம் 1.60 அல்லது 1.85 அங்குலம்தான். குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் அதன் இரு ஓரங்களும் உள்ளே இழுபடும். நடுப்பகுதி முட்டையின் கூர்முனைபோல் மேலே எழும். காசு கொடுத்து வாங்கிய கூடுதல் அகலம் சாலையைத் தொடுவதே இல்லை. நடுவில் ஒரு பட்டை மட்டும் சீக்கிரம் தேயும்.

சாலையைத் தொடும் பரப்பைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அந்தப் பரப்பு பெரும்பாலும் பாரத்தையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. பின்சக்கரத்தின்மேல் 100 கிலோ பாரம் இருக்கிறது, காற்று 28 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். 28 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. ஆக, தொடும் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கையைவிடச் சிறியது. அகலமான டயர் போட்டு அதே அழுத்தத்தில் காற்று வைத்தால் இந்தப் பரப்பின் வடிவம் மாறும், நீளம் குறைந்து அகலம் கூடும். மொத்தப் பரப்பு பெரிதாக மாறாது. அந்த உள்ளங்கை அளவு ரப்பர் எவ்வளவு மென்மையாக இருக்கிறது, எவ்வளவு புதிதாக இருக்கிறது என்பதுதான் பிடிப்பைத் தீர்மானிக்கும் பெரிய காரணம்.

இதையெல்லாம் மீறி அகலம் வேண்டும் என்று தோன்றினால், நியாயமான வழி ஒன்று இருக்கிறது. 80/100-18க்குப் பதிலாக 90/90-18. இதன் உயரம் 81 மில்லிமீட்டர், மொத்த விட்டம் 619.2. இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம். கியர், ஸ்பீடோமீட்டர், ஸ்டாண்டு எதற்கும் பாதிப்பில்லை. ரிம் 1.85 அங்குலமாவது இருக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் செயின், செயின் கவர், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), மட்கார்டு ஆகியவற்றுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். டயர் ஓடும்போது சூட்டிலும் வேகத்திலும் சற்று விரியும் என்பதை மறக்க வேண்டாம். இதற்கும் காப்பீடு, தகுதிச் சோதனை விதிகள் இடம் தருகின்றனவா என்று உங்கள் பகுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வந்த அளவே போதுமென்று தோன்றுகிறது. மெல்லிய டயர் வண்டியைச் சட்டென்று திருப்ப விடுகிறது, எரிபொருளும் மிச்சம். சிறிய பைக்கின் அழகே அந்த லேசான திருப்பத்தில்தான் இருக்கிறது.

அளவுக்குப் பின்னால் வரும் எண்

அளவு ஒன்றாக இருந்தும் டயர் வேறாக இருக்கலாம். 2.75-18 என்ற அளவுக்குப் பின் ஒரு டயரில் 42 பி (P) என்றும், இன்னொன்றில் 48 பி (P) என்றும் அச்சிட்டிருக்கும். 42 என்பது 150 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியீடு, 48 என்றால் 180 கிலோ. பின்னால் வரும் எழுத்து வேகத்துக்கானது: ஜே 100, எல் 120, பி 150 கிலோமீட்டர். சிறிய பைக்குக்கு வேக எழுத்து ஒரு பொருட்டில்லை, வண்டியின் உச்ச வேகத்தைவிட மேலே இருந்தால் போதும். பார எண்ணை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

115 கிலோ எடையுள்ள பைக்கில் 70 கிலோ எடையுள்ள இருவர் போகிறார்கள். மொத்தம் 255 கிலோ. இருவர் அமர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு பின்சக்கரத்தின்மேல் விழும் என்று கொண்டால் சுமார் 170 கிலோ. 42 என்று அச்சிட்ட டயர் அந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் தன் சக்திக்கு மீறிச் சுமக்கிறது. வெடித்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. பக்கவாட்டு நெளிந்து நெளிந்து சூடேறும், உள்நூல் தளரும், ஆயுள் குறையும். தனியாக மட்டும் ஓட்டுபவருக்கு 42 போதும். மனைவி, பிள்ளை, மூட்டை என்று ஏற்றுபவர் 48 உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அந்தச் சிறு எண்ணை நீங்களே படித்துப் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். டயரில் எழுதிய பாரத்தை அது தாங்குவதும் போதிய காற்று இருந்தால்தான். இருவர் போகும்போது வண்டிக் கையேடு பின்சக்கரத்துக்கு அதிகக் காற்று சொல்வது இதற்காகவே.

நெடுநாள் ஓடும் டயரா, நன்றாகப் பிடிக்கும் டயரா

இரண்டும் ஒரே டயரில் முழுமையாகக் கிடைக்காது. கடினமான ரப்பர் மெதுவாகத் தேயும், உருள்வதற்குக் குறைந்த சக்தி போதும், எரிபொருள் சற்று மிச்சமாகும். மென்மையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பற்றிக்கொள்ளும். அந்தப் பற்றுதலுக்கு விலையாகச் சீக்கிரம் தேயும். கரித்தூளோடு சிலிகா சேர்த்த ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிப்பதோடு உருளும் எதிர்ப்பையும் குறைக்கிறது என்பதால் இந்த இழுபறி முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் தீர்ந்துவிடவில்லை.

கடைக்காரர் "இது நிறைய ஓடும்" என்று சொல்லும் டயர் அநேகமாகக் கடின ரப்பர்தான். பின்சக்கரத்துக்கு அதை நான் மறுக்க மாட்டேன். தினமும் நீண்ட தூரம் நேர்ச்சாலையில் போய்வருபவர், பொருள் சுமந்து பிழைப்பவர் எல்லாருக்கும் பின்டயரின் ஆயுள் நேரடியாகக் கைக்காசு. முன்சக்கரத்துக்கு மட்டும் அந்த வாதம் பொருந்தாது. முன்டயர் எப்படியும் மெதுவாகத்தான் தேயப்போகிறது. பொதுவாக இரண்டு பின்டயர் போகும் காலத்தில் ஒரு முன்டயர்தான் போகும். மெதுவாகத் தேயும் இடத்தில் இன்னும் மெதுவாகத் தேயும் ரப்பரைப் போட்டால் என்ன நடக்கும்? பட்டன் தீர்வதற்குள் வயது தீர்ந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். முன்னால் கொஞ்சம் மென்மையான, மழைக்கென்று நல்ல பெயர் எடுத்த டயரைப் போட்டால் அது நான்கு, ஐந்து ஆண்டில் தேய்ந்து, இறுகுவதற்கு முன்பே மாற்றவேண்டிய நிலைக்கு வந்துவிடும். அது நட்டக் கணக்கு இல்லை. ஆகவே முன்னும் பின்னும் ஒரே வகை டயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே நிறுவனத்தின் ஜோடி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அளவும் கட்டமைப்பும் பொருந்தினால் போதும்.

நகத்தை அழுத்திப் பார்க்கும் சோதனை பழைய டயர் இறுகிவிட்டதா என்று அறிய மட்டும்தான். இரண்டு புதிய டயர்களை அப்படி அழுத்திப் பார்த்து எது நன்றாகப் பிடிக்கும் என்று முடிவுசெய்ய முடியாது.

கட்டமைப்பு என்றதும் ரேடியலைப் பற்றி ஒரு வார்த்தை. அளவில் இரு எண்களுக்கு நடுவே சிறுகோடு இருந்தால் குறுக்கு நூல் டயர், அதாவது உள்நூல் அடுக்குகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடுபவை. ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல், அதில் நூல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகும். நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி. வண்டிகள் பெரும்பாலும் குறுக்கு நூல் டயருக்காகவே வடிவமைக்கப்பட்டவை. தொழிற்சாலையே இரண்டையும் கலந்து கொடுத்திருந்தால் ஒழிய நீங்களாகக் கலக்க வேண்டாம்.

கோடு, சாய்கோடு, பட்டன்

சிறிய பைக்குகளின் முன்டயரில் சுற்றிலும் ஓடும் நீளக்கோடுகள் மட்டுமே இருப்பது பழைய வழக்கம். அது நேராக ஓடும், எளிதில் உருளும், நீண்டகாலம் உழைக்கும். புதிய வடிவங்களில் கோடுகள் சாய்வாக நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகின்றன. தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிவிட இது உதவுகிறது. மழையில் ஓட்டுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பைக் டயரின் வளைந்த வடிவமும் குறுகிய அகலமும் தண்ணீரை இயல்பாகவே ஒதுக்கித் தள்ளும் என்பதால், கார் டயரைப்போல் நீரின்மேல் மிதக்கும் ஆபத்து குறைவு. ஆகவே கோடுகளின் வடிவத்தைவிட ரப்பரின் தரமே முக்கியம்.

பெரிய பட்டன் வைத்த, மண்பாதைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவான டயர்கள் தனி ரகம். பட்டன்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் சேற்றில் கடித்துப் பிடிக்க உதவும். தார்ச்சாலையில் அதே வெற்றிடம் தொடும் ரப்பரைக் குறைத்துவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போது பட்டன்கள் தனித்தனியாக வளைந்துகொடுக்கும், ஈரத்தில் நிற்கும் தூரம் கூடும். இரைச்சலும் உண்டு. வீட்டிலிருந்து முதன்மைச் சாலைக்கு வரவே மழைக்காலத்தில் சேற்றைக் கடக்க வேண்டியவருக்கு இது தேவை. அவர்கூடப் பின்சக்கரத்தில் மட்டும் மிதமான பட்டன் போட்டுக்கொண்டு, முன்னால் சாலை டயரையே வைத்துப் பார்க்கலாம். வெறும் தோற்றத்துக்காக நகரத்துப் பைக்கில் பட்டன் டயர் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

டியூபா, டியூப்லெஸ்ஸா

இதில் உங்கள் விருப்பத்துக்கு முன்னால் ரிம்தான் பதில் சொல்ல வேண்டும். கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்து நிற்கிறது. காற்று அந்த ஓட்டைகள் வழியே போய்விடும், ஆகவே டியூப் வேண்டும். அலாய் சக்கரம் என்றால் தானாகவே டியூப்லெஸ் என்று நினைத்துவிட வேண்டாம், டியூபுக்கான அலாய்களும் உண்டு. டியூப்லெஸ் ரிம்மின் உட்புறத்தில் டயரின் ஓரம் நழுவாமல் தடுக்க ஒரு சிறு மேடு சுற்றிவரும். ரிம்மின் அளவோடு எம்.டி. என்று பொறித்திருந்தால் அது டியூப்லெஸ் வகை, டபிள்யூ.எம். என்றிருந்தால் டியூப் வகை.

ரிம் இடம் தந்தால் டியூப்லெஸ்ஸுக்கே என் வாக்கு, அதிலும் முன்சக்கரத்துக்கு. ஆணி குத்தினால் டியூப் சுருங்கி ஓட்டை அகலமாகிறது. காற்று கம்பி ஓட்டைகள் வழியே சில நொடிகளில் வெளியேறிவிடும். ஹேண்டில் தள்ளாடத் தொடங்கும்போதே டயர் தட்டையாகியிருக்கும். டியூப்லெஸ்ஸில் ஆணியை ரப்பர் கவ்விக்கொள்கிறது, காற்று மெதுவாகக் கசிகிறது, ஓரங்கட்ட நேரம் கிடைக்கிறது. குறைகளும் உண்டு: பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்தால் கசிவு தொடங்கும், கழன்ற டயரை மறுபடி உட்கார வைக்க இயந்திரக் காற்று வேண்டும், கைப்பம்பு போதாது. வெளியிலிருந்து திணிக்கும் கயிற்று அடைப்பைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டு, பிறகு உள்ளிருந்து ஒட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. பக்கவாட்டில் குத்தினால் ஒட்டுப் போடாமல் டயரையே மாற்றிவிடுங்கள்.

டியூப்லெஸ் டயரை டியூப் ரிம்மில், உள்ளே டியூப் வைத்து மாட்டுவது நடைமுறையில் உண்டு. ஆனால் ஆணி குத்தும்போது அது டியூப் டயராகவே நடந்துகொள்ளும்; டியூப்லெஸ்ஸின் பயன் அதில் கிடைக்காது. டியூப் டயரை டியூப் இல்லாமல் ஓட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

டியூப் போடுபவர்கள் புதிய டயரோடு புதிய டியூபும் வாங்கிவிடுங்கள். பழைய டியூப் விரிந்து பெரிதாகியிருக்கும், புதிய டயருக்குள் மடிப்பு விழும், அந்த மடிப்பிலேயே ஒரு நாள் கிழியும். டயரின் உட்புறத்தில் காகித வில்லை ஏதாவது ஒட்டியிருந்தால் உரித்துவிடச் சொல்லுங்கள். அந்தத் தாளின் விளிம்பு உராய்ந்து உராய்ந்தே டியூபை ஓட்டையாக்கிவிடும். டயரின் ஓரத்தைக் கம்பியால் நெம்பி உள்ளே தள்ளும் கடைசி முழத்தில்தான் டியூப் நசுங்கும். அதற்கு முன் டியூபில் சிறிது காற்றடித்து உருண்டையாக வைத்துக்கொண்டால் கம்பியின் முனையில் சிக்காது. இதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் தவறில்லை.

ஒன்றா, இரண்டா

இரண்டையும் ஒன்றாக மாற்றக் கையில் பணமிருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால்? பின்டயர் மேட்டோடு சமமாகத் தேய்ந்துவிட்டால் அதை ஒத்திப்போட முடியாது. நேர்ச்சாலையில் ஓடியே நடுப்பகுதி தட்டையாகி, பெட்டி மாதிரி ஓரம் விழுந்த பின்டயரும் அப்படித்தான்; திருப்பத்தில் சாயும்போது அந்த ஓரத்தின்மேல் ஏறி இறங்கி வண்டி உதறும். ஆனால் பின்டயரில் இன்னும் 2 மில்லிமீட்டர் இருக்கிறது, முன்டயருக்கு வயது ஏழு என்றால், முதலில் முன்னால் மாற்றுங்கள். இந்த வரிசையைக் கேட்டு மெக்கானிக்குகள் சிலர் தலையசைக்க மாட்டார்கள். நான் விட்டுக்கொடுக்காமல் கேட்டு மாற்றியிருக்கிறேன்.

என் பைக்கில் இப்போது முன்னால் வந்த அளவிலேயே மழைக்கான சாலை டயர், பின்னால் அதே அளவில் 48 என்று பொறித்த கடினமான டயர், இரண்டிலும் புதிய டியூப். மாட்டியதும் நான் பார்த்தது பக்கவாட்டு அம்புக்குறியைத்தான். சக்கரம் உருளும் திசையும் அம்பும் ஒத்துப்போக வேண்டும். சில டயர்களில் முன்சக்கரத்துக்கு ஓர் அம்பும் பின்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் இன்னொன்றும் இருக்கும். பிறகு ரிம்மின் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தது. காற்றை இறக்கி, மறுபடி அடித்துச் சரிசெய்தார்கள். வால்வு சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், நேராக இருந்தது. மறுநாள் காலை, வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்தேன். முதல் 150 கிலோமீட்டர் வரை சட்டென்று சாய்க்காமலும் அழுத்திப் பிரேக் பிடிக்காமலும் ஓட்டினேன், ஏனென்றால் புதிய ரப்பரின் மேல் இருக்கும் வழவழப்பு தேய்ந்துபோக அவ்வளவு ஓட்டம் வேண்டும். அந்த வாரக் கடைசியில் மழை வந்தது. ஆளில்லாத நேரான சாலையில் மெதுவான வேகத்தில் முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பார்த்தேன். வண்டி முன்னால் குனிந்து, நேராக நின்றது.